ஜூனில் குவைத் வருகிறோம், மூன்று வயதுப் பையனோடு. வெயிலைத் தாங்க முடியுமா?

நீடாமங்கலத்துப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் சில வருடங்களாகக் குவைத்தில் வேலை பார்க்கிறார். இப்போதுதான் எனக்கும் பையனுக்கும் விசா வந்திருக்கிறது. ஜூன் இரண்டாவது வாரம் கிளம்புகிறோம். பையனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.

மங்காஃபில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று கடைசி மாடி, 240 தினார். இன்னொன்று அதே தெருவில் இரண்டாவது மாடி, 265 தினார். இரண்டும் ஒரே அளவு. மாதம் 25 தினார் மிச்சம் என்பதால் அவருக்குக் கடைசி மாடியில்தான் ஆசை. அவர் காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்கு மேல்தான் வருவார். பகல் முழுக்க நானும் பையனும் மட்டும்தான் வீட்டில்.

ஊரில் எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. பழக்கமும் இல்லை. எதிர்வீட்டு அக்கா முன்பு அங்கே இருந்தவர். "பகலில் வாசல் பக்கம் தலைகாட்ட முடியாது, குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா, "அக்டோபரில் போயேன்டி, இப்போது என்ன அவசரம்" என்று தினமும் ஆரம்பித்துவிடுகிறார். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா, வெளியே கூட்டிப் போகலாமா, ஊரிலிருந்து என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சால்மியாவாசி

உங்கள் அம்மா சொல்வது சரி. அக்டோபர் கடைசியில் வாருங்கள். ஊரை முதன்முதலில் பார்ப்பதே நல்ல காலநிலையில் இருக்கட்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே அவ்வளவு அருமையாக இருக்கும். ஜூனில் வந்து இறங்கினால் முதல் வாரமே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றும்.

பட்டுக்கோட்டை ஏசிக்காரன்

தங்கச்சி, நீங்கள் தாராளமாக வாருங்கள். தள்ளிப்போட வேண்டாம். மேலே சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் பையனுக்கு அப்பாவோடு இருக்க வேண்டிய நான்கு மாதத்தை வெயிலுக்காக விட்டுக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழந்தைகள் இங்கே கோடையில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வீடு சரியாக இருக்க வேண்டும், பொழுதைச் சரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

நான் 2006 முதல் இங்கே ஏசி வேலை பார்க்கிறேன். ஃபஹாஹீல், மங்காஃப், அபு ஹலிஃபா பக்கம் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. அதனால் வீட்டைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது மாடியை எடுக்கச் சொல்லுங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம். கடைசி மாடி வீட்டுக்கு மேலே இருப்பது வெறும் கான்கிரீட் தளம். ஜூனில் இங்கே காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், மாலை ஆறே முக்கால் வரை நிற்கும். பதினான்கு மணி நேரம் குடித்த வெயிலை அந்தத் தளம் ராத்திரியில்தான் உள்ளே இறக்கும். இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அந்த வீட்டில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிர்ந்து கம்ப்ரஸர் தானாக நிற்பது என்பதே நடக்காது. அப்படி ஓடும் மெஷின் ஆகஸ்ட் மாதம், சரியாகப் புழுக்கம் கூடும் நேரத்தில் படுத்துவிடும். எனக்கு ஆகஸ்டில் வரும் அவசர போன்களில் பெரும்பாலானவை கடைசி மாடி வீடுகளிலிருந்துதான். அந்த 25 தினார் மிச்சம் ஆகாது.

எடுக்கும் முன் அந்த இரண்டாவது மாடி வீட்டையும் உங்கள் கணவர் ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஹாரிஸ், அதாவது கட்டிடக் காவலாளி, பெரும்பாலும் சாயங்காலம் வரச் சொல்வார். லீவு நாளில் போகட்டும், மூன்று மணிக்கே போகட்டும். எல்லா அறையிலும் ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டுவிட்டு, ஒரு சின்னத் தெர்மாமீட்டரை ஏசி காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் ஒருமுறை, குளிர்ந்த காற்று வரும் வாயில் ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும். இரண்டுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. ஐந்து, ஆறுதான் என்றால் ஏசிக்குள் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கலாம், காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள் (காயில்) அடைத்திருக்கலாம். கையெழுத்துப் போடும் முன்பே சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். படுக்கையறை மேற்குப் பார்த்ததா என்றும் பார்க்கட்டும். அப்படி இருந்தால் கனமான திரை முதல் நாளே மாட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயமுறுத்துவதற்காக இல்லை. 2024 ஜூன் 12 அன்று இதே மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடம் ஒன்று விடிகாலையில் தீப்பிடித்து, நம் இந்தியர்கள் மட்டுமே நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. நெருப்பை விடப் புகைதான் அதிகம் பேரைக் கொன்றது. ஆகவே வீடு பார்க்கும்போது படிக்கட்டில் பழைய சோபா, அட்டைப்பெட்டி அடைத்து வைத்திருக்கிறார்களா, இன்னொரு வழி இருக்கிறதா, மொட்டை மாடிக் கதவு திறக்கிறதா என்று பார்க்காமல் எந்த வீட்டையும் எடுக்க வேண்டாம். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசி, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் மூன்றையும் சொருகும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. கோடையில் அந்த ஒயர் இளகிப்போய் இருப்பதை நானே பல வீடுகளில் பார்த்து அறுத்து எறிந்திருக்கிறேன். ஏசிக்குத் தனி லைன்தான் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா சொன்ன வெந்நீர் உண்மைதான். தண்ணீர் டேங்க் மொட்டை மாடியில் வெயிலில் நிற்கிறது. பகல் பதினொன்றிலிருந்து நடுராத்திரி வரை குழாயில் வருவது கை பொறுக்காத சூடு. இதற்கு இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு வழி உண்டு. பாத்ரூம் ஹீட்டரை மே மாதமே அணைத்துவிடுவோம். ஹீட்டர் வீட்டுக்குள் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் ஏசியின் குளிர்ச்சியில் ஆறிவிடும். அப்புறம் கோடை முழுக்கக் குழாய்கள் தலைகீழ்: சிவப்புப் புள்ளி உள்ளதைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர், நீலப் புள்ளி உள்ளதில் வெந்நீர். ஆனால் ஹீட்டர் கொள்ளளவு தீர்ந்ததும் அதிலும் டேங்க் தண்ணீர் ஏறிவிடும். அதனால் பையனை முதலில் குளிக்க வையுங்கள். ஷவருக்குக் கீழே நிறுத்திவிட்டுத் திறக்கவே கூடாது, வாளியில் பிடித்து, கை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். பெரிய வாளி இரண்டில் விடிகாலையில் பிடித்து பாத்ரூமுக்குள் வைத்துவிட்டால் மதியத்துக்கும் ஆகும்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். 2016 ஜூலை 21 அன்று மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது, உலக வானிலை அமைப்பே அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. யாராவது போனில் அனுப்பி உங்களைக் கலங்கடிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அது வடமேற்கே பாலைவனத்துக்குள் இருக்கும் இடம். மங்காஃப் கடற்கரை ஓரம், அந்த அளவுக்குப் போகாது. 45, 48 சாதாரணமாக வரும். ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடிக்கும். வறண்ட சூடு. வேர்வை தெரியாது, தோலிலேயே காய்ந்துவிடும். குழந்தைக்குத் தாகம் எடுப்பதும் தெரியாது. கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருக்காமல், மணி பார்த்துத் தண்ணீரோ மோரோ கொடுங்கள். மூத்திரம் மஞ்சளாகப் போகிறதா என்று கவனியுங்கள். ஆகஸ்டில் கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று திரும்பும். லிஃப்ட் கதவு திறந்து வெளியே வந்தவுடன் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து ஒன்றும் தெரியாது. நம் சித்திரை வெயிலில் வளர்ந்தவர்களுக்கும் இந்தப் புழுக்கம்தான் கஷ்டம். செப்டம்பர் முதல் வாரம் சுஹைல் உதித்துவிட்டது என்று குவைத்திகள் சந்தோஷமாகப் பேச ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் அகத்தியர் நட்சத்திரம் என்பார்களே, அதுதான். வெயில் உடனே குறையாது, ஆனால் ராத்திரிகள் முதலில் இளகும்.

காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்களும் பையனை வெளியே கூட்டிப் போகாதீர்கள். நாங்கள் மொட்டை மாடி வேலையைக் காலை நான்கு மணிக்குத் தொடங்கிவிடுவோம். ஏழு மணிக்கெல்லாம் ஸ்பேனரை வெறும் கையால் பிடிக்க முடியாது, தண்ணீர் வாளியில் போட்டு வைத்துத்தான் எடுப்போம். நான் முதலில் இருந்த கம்பெனியில் தடை நேரத்திலும் மேலே ஏற்றுவார்கள். என்னோடு இருந்த ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் ஒருநாள் அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான், கேட்டதற்குப் பதில் வரவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நிழலுக்கு இழுத்து வந்து பனியனை ஈரமாக்கிச் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான். வெயிலில் தலைசுற்றல், வாந்தி, காலில் சதை இழுப்பது என்றால் உடனே உள்ளே வந்து உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 112-க்கு அடித்துவிட வேண்டும். இதைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் தூக்கி வரும் ஆட்கள் அந்த வெயிலில் இருந்துதான் வருவார்கள். வாசலில் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். லிஃப்ட் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று போகட்டும். இதைக் கேட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஏசியை 24 அல்லது 25-இல் வையுங்கள். வெளியிலிருந்து வந்த வேகத்தில் 18-க்குத் தள்ளுவார்கள். அதனால் அறை சீக்கிரம் குளிர்வது கிடையாது. ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் காயிலில் ஐஸ் கட்டி காற்றே வராமல் போகும். பையன் படுக்கும் கட்டில் ஏசிக்கு நேர் கீழே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தூசிப் புயல் அடித்தால் மறுநாளே, ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். மெக்கானிக் வேண்டாம், முன் மூடியைத் தூக்கினால் கையோடு வரும். புயலுக்கு அடுத்த நாள் எடுத்தால் வலையே தெரியாது, மைதா மாவு சலித்துப் போட்டாற்போல் மஞ்சளாகப் படிந்திருக்கும். மிதமான தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். கரண்ட் கட் கடந்த சில வருடங்களாகக் கோடையில் எப்போதாவது வருகிறது. வந்து போனால் ஏசியை உடனே போடாமல் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள், கம்ப்ரஸருக்கு நல்லது.

கார் விஷயம் உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும், சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி குழந்தையின் தொடையில் பட்டால் கொப்பளம் வரும். துணி போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். இரண்டே நிமிடம் என்று சொல்லிக்கொண்டு பையனைக் காரில் விட்டுவிட்டு பக்காலாவுக்குள், அதாவது மளிகைக் கடைக்குள், நுழையக் கூடாது. ஒருநாளும் கூடாது.

ஃபஹாஹீல் அம்மா

ஏசிக்கார அண்ணன் எல்லாமே சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டது அடுப்படி.

இங்கே பல வீடுகளில் அடுப்படியில் ஏசி இருக்காது, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்தான். வீட்டில் அதுதான் வேகும் இடம். நான் காலை ஏழு மணிக்குள் குழம்பு, பொரியல் எல்லாம் முடித்துவிட்டு மதியத்துக்கு அரிசி மட்டும் எலெக்ட்ரிக் குக்கரில், அதையும் ஹாலில் வைத்துவிடுவேன். சின்ன எலெக்ட்ரிக் குக்கர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இட்லி மாவு ஏசி அறையில் வைத்தால் மறுநாள் வரை அப்படியே கிடக்கும். அடுப்படியில் வைத்தால் நான்கு மணி நேரத்தில் பொங்கி வழியும். சாயங்காலம் ஆட்டி, தூங்கப் போகும் முன் பார்த்து ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள். தேங்காய் அரைத்த குழம்பை வெளியே வைக்கவே வேண்டாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் லுலு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. அதற்காகப் பெட்டியை நிரப்பாதீர்கள்.

குழந்தையின் மருந்துதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிரப் பாட்டிலில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கும். அடுப்படி அலமாரியில் வைத்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். ஏசி அறையில் ஒரு டப்பாவில் போட்டு, கை எட்டாத உயரத்தில் வையுங்கள். தூசி நாட்களில் பையனுக்கு இழுப்பு வருமா என்று கிளம்பும் முன் ஊரில் டாக்டரிடம் காட்டி, மருந்துச் சீட்டோடு வாங்கி வாருங்கள். புயல் அன்று ஜன்னல் சந்து, வாசல் கதவின் அடி எல்லாவற்றிலும் ஈரத்துண்டைச் செருகிவிட்டால் பாதித் தூசி நின்றுவிடும்.

இவ்வளவு வெயில் உள்ள ஊரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி குறைபாடு நிறைய என்பது வந்த புதிதில் எனக்கு நம்பவே முடியவில்லை. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் வேறு எப்படி இருக்கும்? இரத்தப் பரிசோதனை செய்யும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் பிள்ளைகளைக் காலை ஐந்தரைக்கே கீழே கூட்டிப் போய்விடுவேன். வெயில் சாய்வாக இருக்கும், கட்டிட நிழலில் சைக்கிள் ஓட்டலாம். ஆறரைக்கு மேலே ஏறிவிடுவோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஃபஹாஹீல் கடற்கரை. குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள், நடுராத்திரி வரை குழந்தைகள் ஓடும். ரொம்பப் புழுக்கமான நாட்களில் அங்கேயே இருக்கும் அல் கூத் மாலுக்குள் இரண்டு சுற்று.

ஒன்று மட்டும் தங்கச்சி, பகல் பத்து மணிக்கு மேல் நாள் நீண்டுகொண்டே போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தியப் பள்ளிகளும் லீவு, பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கும். கட்டிடமே வெறிச்சென்று இருக்கும். அந்த நேரத்தில் அழுகை வந்தால் உங்களுக்கு ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். வந்த முதல் வாரமே மாடிக்கு மாடி கதவைத் தட்டி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். என் பக்கத்து வீட்டு மலையாளி அக்கா இல்லையென்றால் நான் அந்த முதல் கோடையைக் கடந்திருக்க மாட்டேன். பதினோரு மணிக்கு ஒருநாள் அவர் வீடு, ஒருநாள் என் வீடு. பிள்ளைகள் ஒரே பாயில் தூங்கும், நாங்கள் காய் நறுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம்.

நீடாமங்கலத்துப் பொண்ணு

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உங்கள் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தெர்மாமீட்டரோடு போயிருக்கிறார். ஹாலில் பதினொரு டிகிரி, படுக்கையறையில் ஆறுதான் வந்ததாம். படுக்கையறை ஏசியைச் சரிசெய்து தருவதாக ஹாரிஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மாடிதான் என்று முடிவாகிவிட்டது. அம்மாவிடம் ஹீட்டர் விஷயத்தைச் சொன்னேன், "அப்படியானால் பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீர் உண்டு" என்று கொஞ்சம் சமாதானமாகியிருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. என் மிக்ஸி, சின்ன கிரைண்டர் இரண்டும் அங்கே ஓடுமா? ஸ்வெட்டர் எடுத்து வர வேண்டும் என்று அவர் சொல்கிறார், குவைத்தில் ஸ்வெட்டரா?

பட்டுக்கோட்டை ஏசிக்காரன்

இரண்டாவது மாடி என்று கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்தப் படுக்கையறை ஏசியில் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கேஸ் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜூலையில் திரும்பவும் ஆறுக்கே வந்துவிடும்.

மிக்ஸி, கிரைண்டர் ஓடும். இங்கே 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் மெஷின்களுக்கு ஒத்துக்கொள்ளும். பிளக்தான் வேறு. இங்கே சதுரக் கால் மூன்று பின், நம் உருண்டைப் பின் நுழையாது. கிரைண்டருக்கு அடாப்டர் போட வேண்டாம், மாவாட்டும் நேரம் முழுக்க இழுத்தால் சூடாகும். பிளக்கையே வெட்டி மாற்றிவிடுவது நல்லது, எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். ஊரிலிருந்து ஏசி வாங்கி வரலாமா என்று சிலர் கேட்பார்கள், அதை மட்டும் செய்ய வேண்டாம். இங்கே விற்பது டி3 என்ற வகை, 46 டிகிரி வெளிச்சூட்டில் வைத்துச் சோதித்த மெஷின். 35 டிகிரிக்குச் சோதித்ததை இங்கே மாட்டினால் தாங்காது.

ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்து வாருங்கள், பையனுக்கு இரண்டு. ஜனவரி ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழே போகும், பாலைவனக் காற்று வேறு.

நீங்கள் வருவதற்கு ஒருநாள் முன்பே உங்கள் கணவரை எல்லா ஏசியையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் காற்று அரை மணியில் குளிர்ந்துவிடும், ஆனால் சுவரும் மெத்தையும் குளிர ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.